சுவர் ஏற யாருடைய அனுமதி வேண்டும்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை ஆடியிராதவர்களும் அவையில் இருப்பார்கள். அவர்களுக்காக முதலில் சில வரிகள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் நடுவர், 'டஞ்சன் மாஸ்டர்' என்று அவரைச் சொல்வார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நடுவர் சூழ்நிலையைச் சொல்கிறார்: இருட்டுக் குகை, முன்னால் ஒரு பள்ளம், அதற்கப்பால் ஏதோ உறுமுகிறது. தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் வாயால் சொல்கிறார். முடிவு சந்தேகமாக இருந்தால் பகடையை உருட்டுகிறார்கள். பலகை கட்டாயமில்லை, காய் கட்டாயமில்லை. சதுரங்கத்தில் குதிரை இப்படித்தான் தாவும் என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. இங்கே அந்தக் குதிரைக்கு வெல்லம் நீட்டி நம் பக்கம் இழுக்கலாமா என்று கேட்கலாம். அப்படிக் கேட்க முடிவதுதான் இந்த விளையாட்டின் உயிர். அந்தக் கேள்வியை விதிநூல் வளர்க்கிறதா, வாயடைக்கிறதா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சில் 1,000 பிரதிகள். பாத்திர வகைகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. பூட்டைத் திறப்பது, நிழலில் ஒளிவது, சுவர் ஏறுவது ஆகியவற்றுக்கு அதில் தனி விதி இல்லை. யாருக்குத் துணிவு வந்ததோ அவர் முயன்றார். எப்படி ஏறப்போகிறாய், கயிறு இருக்கிறதா, கவசத்தைக் கழற்றினாயா என்று நடுவர் கேட்டார். பேசி முடிவு செய்தார்கள். மறு ஆண்டே 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூல் வந்தது. அதில் திருடன் என்ற நான்காவது வகை சேர்ந்தது. பூட்டுத் திறத்தல், பொறி நீக்கல், ஓசைப்படாமல் நடத்தல், நிழலில் மறைதல், சுவர் ஏறுதல் என்று அவனுக்குத் தனித் திறன்கள், ஒவ்வொன்றுக்கும் வெற்றி வாய்ப்பின் கணக்கு. 1978இல் வந்த விரிவான ஆட்டக்காரர் கையேட்டில், முதல் நிலைத் திருடனுக்குச் சுவர் ஏற நூற்றுக்கு 85, நிழலில் மறைய நூற்றுக்கு 10.

போர்வீரன் சுவர் ஏறக்கூடாது என்று அந்த நூலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இருந்தும் பல மேசைகளில் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். சட்டம் படித்தவர்களுக்கு இந்த மனப்போக்கு பழக்கமானது: பட்டியலில் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், குறிப்பிடாததை வேண்டுமென்றே விட்டதாகக் கொள்வார்கள். திருடனுக்கு ஏறத் தெரியும் என்று எழுதிய கணத்தில், மற்றவர்களுக்கு ஏறத் தெரியாது என்ற எழுதாத வரி ஒன்று கூடவே பிறந்துவிட்டது. திருடனாவது லாபம் பார்த்தானா என்றால், அதுவும் பாதிதான். முன்பெல்லாம் தூணுக்குப் பின்னால், திரைச்சீலையின் மடிப்புக்குள், செத்த குதிரையின் வயிற்றடியில் என்று நல்ல ஒளிவிடமாக யோசித்துச் சொன்னால் நடுவர் தலையசைப்பார். இப்போது எங்கே ஒளிந்தாலும் நூற்றுக்குப் பத்து. இடத்தைப் பற்றி யோசித்துப் பயனில்லை என்றால் யார் யோசிப்பார்கள்?

இதிலிருந்து நான் சொல்ல வருவது, விதி குறைந்தால் கற்பனை பெருகும் என்ற வழக்கமான முடிவு அல்ல. எழுதி வைத்த திறன் ஒன்று கற்பனைக்குத் துணையா தடையா என்பது அதில் எழுதியிருப்பதைப் பொறுத்ததில்லை. எழுதாமல் விட்டதை அது என்னவாக ஆக்குகிறது என்பதைப் பொறுத்தது. உலகில் ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் விதி கற்பனைக்குத் தீனி. ஒரு செயலைச் செய்ய யாருக்கு உரிமை என்று சொல்லும் விதி, மற்ற எல்லோர் கண்ணிலிருந்தும் அந்தச் செயலை மறைத்துவிடுகிறது. இரண்டும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் 'திறன்' என்றே அச்சிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

மறைந்துபோவது என்று சொன்னேன். அதற்கு உளவியலில் பழைய சான்று ஒன்று உண்டு. ஏபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று ஜாடிகளை வைத்துக் குறிப்பிட்ட அளவு தண்ணீரை அளந்தெடுக்க வேண்டும். ஜாடிகள் 21, 127, 3 அளவுள்ளவை, வேண்டியது 100. நடுவிலிருக்கும் 127லிருந்து 21ஐயும், மூன்றை இருமுறையும் எடுத்தால் 100 வந்துவிடும். தொடர்ந்து சில கணக்குகளை இதே வழியில் தீர்க்க வைக்கிறார்கள். பிறகு ஜாடிகள் 23, 49, 3 என்றும், வேண்டியது 20 என்றும் ஒரு கணக்கு வருகிறது. பழைய வழியிலும் விடை வரும்: 49லிருந்து 23ஐயும், இருமுறை மூன்றையும் கழிக்கலாம். ஆனால் 23லிருந்து ஒரு முறை மூன்றை எடுத்தாலே போதும். இதற்கு முன் ஜாடியையே பார்த்திராதவர் அதைத்தான் செய்வார். பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே போனார்கள். அடுத்து 28, 76, 3 என்ற ஜாடிகளில் 25 அளக்கச் சொன்னால், பழைய வழி அங்கே வேலை செய்யாது என்பதால் பலர் திணறியே போனார்கள். 28லிருந்து மூன்று போனால் 25 என்பது தெரியாதவர்கள் அல்ல அவர்கள். கையில் ஒரு வழி இருந்ததால் வேறு வழியைத் தேடவில்லை, அவ்வளவுதான். பாத்திரத் தாளில் பத்துத் திறன்களை வரிசையாக எழுதிக்கொண்டு உட்காரும் ஆட்டக்காரர், பள்ளத்தின் அருகே நிற்கும்போது பள்ளத்தைப் பார்ப்பதில்லை, தாளைப் பார்க்கிறார். எந்த மேசையிலும் நீங்கள் காணக்கூடிய காட்சி இது. அந்தக் குனிந்த தலையை லூச்சின்ஸின் ஜாடிகள் நன்றாகவே விளக்குகின்றன.

எல்லாத் திறனும் இப்படிக் கண்ணைக் கட்டுவதில்லை. ஒரே நூலிலேயே இரண்டு விதமும் இருப்பதைக் காட்டுகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், போர்வீரனுக்கு 'பேட்டில் மாஸ்டர்' என்ற ஒரு கிளை உண்டு. 16 போர் உத்திகள் கொண்ட பட்டியலிலிருந்து மூன்றாம் நிலையில் மூன்றை அவர் தேர்ந்துகொள்ளலாம். ஒரு உத்தி, எதிரியை அடித்துக் கீழே விழவைப்பது. இன்னொன்று, அடித்து அவன் கையிலிருக்கும் ஆயுதத்தைத் தட்டிவிடுவது. பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மேசையில் இவற்றின் விளைவு வேறு. ஏனென்றால் எதிரியைத் தள்ளி வீழ்த்த எந்தப் பாத்திரமும் முயலலாம் என்று அதே ஆட்டக்காரர் நூலில், எல்லோரும் படிக்கும் போர் அத்தியாயத்தில் இருக்கிறது. பேட்டில் மாஸ்டர் அதை அடியோடு சேர்த்துச் செய்கிறார், இன்னும் நேர்த்தியாகச் செய்கிறார். மதகுருவும் செய்யலாம், தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஆயுதத்தைத் தட்டிவிடுவதற்கு ஆட்டக்காரர் நூலில் அப்படியொரு பொதுவிதி இல்லை. இருக்கிறது, ஆனால் எங்கே? நடுவருக்கான வேறு புத்தகத்தில், விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பகுதியில். ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம், ஆயுதத்தைத் தட்டிவிடுவது பேட்டில் மாஸ்டரின் வித்தை என்பது மட்டும். முதல் திறனுக்கு அடியில் எல்லோரும் நிற்கும் தரை இருக்கிறது. இரண்டாவதற்கு அடியில் இல்லை. கற்பனை வறண்டுபோவது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

தரை இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதில் முள் பரப்பக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2000த்தில் வந்த மூன்றாம் பதிப்பு, தடுக்கி விழவைக்கவும் ஆயுதத்தைப் பறிக்கவும் எல்லோருக்கும் விதி எழுதியது. நல்ல காரியம். ஆனால் ஆயுதம் பறிக்க, அதற்கென்று தனிச் சிறப்புத்திறன் வாங்காதவர் முயன்றால், எதிரிக்கு முதலில் ஒரு இலவச அடி உண்டு என்றும் சேர்த்தது. இரண்டு முறை அந்த அடியை வாங்கியவர் மூன்றாம் முறை முயல்வாரா? காகிதத்தில் கதவு திறந்திருந்தது, வாசலில் நாய் கட்டியிருந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வலுவான மறுப்பு. "நடுவரிடம் கேட்டால் போயிற்று. எதையும் முயலலாம் என்பதுதானே இந்த விளையாட்டின் முதல் விதி? எழுதியிருக்கவில்லை என்பதற்காக வாயைத் திறக்காதது ஆட்டக்காரரின் சோம்பல்." முதல் பதில் ஏற்கெனவே சொன்னதுதான்: தோன்றாததைக் கேட்க முடியாது. இரண்டாவது பதில் நடுவரின் நியாயம் பற்றியது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மேசையில் ஒருவர் தனக்குக் கிடைத்த மூன்று உத்திகளில் ஒன்றைச் செலவழித்து ஆயுதம் தட்டிவிடும் திறனை எடுத்திருக்கிறார். பக்கத்திலிருக்கும் மந்திரவாதி, நானும் என் கைத்தடியால் அவன் வாளைத் தட்டிவிடுகிறேன் என்கிறார். நடுவர் தாராளமாக அனுமதித்தால், விலைகொடுத்து வாங்கியவரை ஏமாற்றியது போலாகிறது. மறுத்தால், நல்ல யோசனை ஒன்று செத்துப்போகிறது. கெட்டிக்காரரும் நல்லவருமான நடுவரே இங்கே மறுக்கத்தான் சாய்வார், ஏனென்றால் நியாயம் அந்தப் பக்கம் இருக்கிறது. ஆக, கருமித்தனம் நடுவரின் குணத்தில் இல்லை. ஒரு செயலைப் பொதுவிலிருந்து எடுத்துத் தனியாருக்கு விற்ற நூலில் இருக்கிறது.

தமிழ் படித்த அவையில் வேறொரு மறுப்பும் எழும். "கட்டுப்பாடுதானே படைப்பின் தாய்? வெண்டளை பிறழாமல், ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில்தான் முடிய வேண்டும் என்ற நெருக்கடியில் எத்தனை வெண்பா பிறந்தது!" உண்மை. ஆனால் வெண்பாவின் இலக்கணம் ஓசையைக் கட்டுகிறது, சொல்லப்போகும் பொருளைக் கட்டுவதில்லை. நிலவை எந்த உவமையால் பாடலாம் என்று பட்டியல் தந்து, அதிலும் இன்ன உவமை இன்ன புலவருக்கே என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் குறை சொல்லும் திறன்கள் அந்தப் பட்டியலைப் போன்றவை. இலக்கணத்தைப் போன்ற விதிகளும் இந்த விளையாட்டுலகில் உண்டு, அவற்றுக்கு நான் எதிரியல்ல. 1987இல் ஜோனத்தன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் எழுதிய 'ஆர்ஸ் மேஜிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிகளைப் பற்றிய ஆட்டம் அது. அதன் மந்திரம் இலத்தீன் இலக்கணம் போல அமைந்திருக்கிறது: ஆக்கு, அறி, மாற்று, அழி, ஆள் என்று ஐந்து வினைகள், தீ, நீர், மண், காற்று, உடல், மனம், செடி, விலங்கு, தோற்றம், மந்திர ஆற்றல் என்று பத்துப் பெயர்கள். வினையோடு பெயரைச் சேர்த்தால் ஐம்பது இணைகள். ஆயத்த மந்திரங்களும் அந்த நூலில் உண்டு என்றாலும், அவசரத்துக்கு அந்த இடத்திலேயே ஒன்றைப் புனைந்துகொள்ளவும் விதி இடம் தருகிறது. காவலாளியின் மனதை ஆள்வதா, கதவின் மரத்தை அழிப்பதா, நம் தோற்றத்தை மாற்றுவதா என்று ஆடுபவர் யோசிக்கிறார். விதி கனமானதுதான், புதியவரை மிரட்டக்கூடியதும்கூட. ஆனால் அது தருவது வாக்கியங்களை அல்ல, வாக்கியம் அமைக்கும் வழியை.

இதைவிட எளிய உதாரணம், ஒரு தடி. 'அசையாத் தடி' என்ற மந்திரப் பொருள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இரும்புத் தடி, ஒரு முனையில் பொத்தான். பொத்தானை அழுத்தினால் தடி நின்ற இடத்திலேயே நின்றுவிடும், அது அந்தரமாக இருந்தாலும். ஐந்தாம் பதிப்பின்படி 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ வரை தாங்கும். இதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாளாக்கலாம், பள்ளத்தின் நடுவே பிடித்துத் தொங்கலாம், இரண்டு தடி கிடைத்தால் மாற்றி மாற்றி அழுத்தி வானத்தில் ஏணி ஏறலாம், விழுங்க வரும் பிராணியின் வாய்க்குள் நட்டும் வைக்கலாம். விளைவு கறாராகவும் நோக்கம் திறந்தும் இருக்கிறது. எழுதிவைத்ததுதான் இதுவும், எண் கணக்கோடு எழுதிவைத்தது. அந்த எண் இல்லையென்றால் தேரைக் கட்டி நிறுத்தலாமா என்ற யோசனையே வராது. தாங்குமா தாங்காதா என்று தெரியாத தடியில் யார் தொங்குவார்கள்?

விதியே வேண்டாம் என்பவர்களிடமிருந்து நான் விலகி நிற்பது இந்த இடத்தில்தான். அவர்கள் வாதம் புதியதல்ல. 1824இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் அறிமுகப்படுத்திய 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர்ப் பயிற்சி விளையாட்டில் பகடையும் அட்டவணையும் நிறைய. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். நம் காலத்தில் 2008இல் மேத்யூ ஃபின்ச் எழுதிய சிறு கையேடு, பழைய பாணி ஆட்டத்துக்குத் திரும்ப விரும்பியவர்களிடையே அதே கொள்கையைப் பரப்பியது: விதியைப் புரட்டாதே, தீர்ப்பைச் சொல், பாத்திரத்தின் எண்ணை நம்பாதே, ஆடுபவரின் புத்தியை நம்பு. தரையில் பொறி இருக்கிறதா என்று பகடை உருட்டாமல், தண்ணீரை ஊற்றி எங்கே வடிகிறது என்று பாருங்கள் என்ற வகைப் பாடம். அழகான பாடம், அதை நான் ரசிக்கிறேன். ஆனால் பிரஷ்ய நடுவர் போர் பார்த்த அதிகாரி. ஆற்றைக் கடக்கப் படைக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். நம் மேசை நடுவர் எந்த டிராகனோடும் சண்டை போட்டதில்லை. அவர் தீர்ப்பு அனுபவத்திலிருந்து வராது, ரசனையிலிருந்து வரும். அப்போது ஆட்டக்காரர் உலகத்தைப் படிப்பதை விட்டுவிட்டு நடுவரின் முகத்தைப் படிக்கத் தொடங்குகிறார். பேச்சுத் திறமையுள்ளவருக்கு எல்லாம் பலிக்கிறது, கூச்சக்காரருக்கு எதுவும் பலிப்பதில்லை. தவிர, சுதந்திரமான மேசையிலும் புத்திசாலித்தனம் பழக்கமாக உறைந்துவிடும். எண்ணெய்க் குப்பியைப் பற்றவைத்து எறிவது முதல் முறை கற்பனை, இருபதாவது முறை சடங்கு. பத்தடிக் கம்பால் தரையைத் தட்டித் தட்டி நடப்பதும் அப்படியே. லூச்சின்ஸின் ஜாடி விதிநூலில் இருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. நேற்றைய வெற்றியிலிருந்தும் வரும்.

புதியவர்களுக்கு ஆயத்தத் திறன்கள் கைப்பிடி மாதிரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என்ன செய்கிறாய் என்று கேட்டால் வெறித்துப் பார்ப்பவருக்குத் தாளிலுள்ள பத்து வரிகள் பேச வாய் தருகின்றன. 2010இல் வந்த வின்சென்ட் பேக்கரின் 'அபாகலிப்ஸ் வேர்ல்ட்' இதைக் கெட்டிக்காரத்தனமாகக் கையாள்கிறது. ஆளுக்கொரு ஆயத்த ஏடு, அதில் குறியிட்டுத் தேர்ந்துகொள்ளும் நகர்வுகள். முதல் பார்வைக்கு நான் குறைசொன்ன பட்டியலேதான். ஆனால் அடிப்படை நகர்வுகள் எல்லோர் கைக்கும் வரும் பொதுத் தாளில் இருக்கின்றன, நடுவரின் அலமாரியில் அல்ல. இரண்டு பகடை உருட்டி 10ஓ அதற்கு மேலோ வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வந்தால் ஒரு விலையோடு வெற்றி, அதற்குக் கீழே நடுவர் கை ஓங்கும். கூட்டல் எதுவும் இல்லாமல் உருட்டினால் முழு வெற்றி 36க்கு 6 தடவைதான். விலையோடு வெற்றி 15 தடவை. என்ன விலை என்பதைப் பலமுறை அந்த மேசையிலேயே, அந்த நிமிடத்தில் யோசித்தாக வேண்டும். ஆடுபவரின் செயலுக்கு முன்னால் வராத கற்பனையை, செயலுக்குப் பின்னால் வரவழைக்கும் விதி அது.

கடைசியாக, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மிகுந்த திட்டு வாங்கிய நான்காம் பதிப்பு. 2008இல் வந்த அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கொரு முறை, நாளுக்கொரு முறை என்று திறன்கள் அட்டை அட்டையாக இருந்தன. கற்பனையைக் கொன்ற பதிப்பு என்று அதைச் சொல்பவர்கள் ஏராளம். ஆனால் எழுதாத செயல்களுக்கு அதைப் போலக் கறாரான வழி காட்டிய பதிப்பு முன்பு இருந்ததில்லை என்பது என் கருத்து. நடுவர் கையேட்டின் 42ஆம் பக்கம் அது. உதாரணம்கூட உயிருள்ள உதாரணம்: ஒருத்தி தொங்கும் சரவிளக்கில் ஊசலாடி வந்து, ராட்சதன் நெஞ்சில் உதைத்து, பின்னாலிருக்கும் நெருப்புச் சட்டிக்குள் தள்ளப் பார்க்கிறாள். எந்தச் சோதனை, எத்தனை கடினம், எவ்வளவு சேதம் என்று நடுவர் உடனே முடிவு செய்ய அந்தப் பக்கத்தில் அட்டவணை இருக்கிறது. குறை ஒன்றுதான். அது நடுவர் கையேட்டில் இருக்கிறது. திறன் அட்டைகள் ஆட்டக்காரர் கையில், சரவிளக்கு நடுவர் கையில். லூச்சின்ஸ் தன் ஆய்வில் சிலரைத் தாளில் 'குருடாகிவிடாதே' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்படி எழுதியவர்களில் குறுக்கு வழியைக் கண்டவர்கள் அதிகம். எழுதிய தாள் அவர்கள் கண்முன் இருந்தது.

இனி 1975இன் திருடனிடம் ஒரு நிமிடம் திரும்பிப் போகிறேன். அவனுடைய திறன்களை அச்சிட்டபடியே படித்தால் ஒன்று தெரியும். 'ஒளிதல்' என்று இல்லை, நிழலில் மறைதல் என்று இருக்கிறது. 'மெதுவாக நடத்தல்' என்று இல்லை, ஓசையே இல்லாமல் நடத்தல். அவன் ஏறுவது ஏணியிலோ மரத்திலோ அல்ல, பிடிமானமே இல்லாததுபோல் நிற்கும் செங்குத்துச் சுவரில். பழைய ஆட்டத்தை இன்று மீட்டு ஆடுகிறவர்களில் சிலர் அதை இப்படிப் படிக்கிறார்கள்: தூணுக்குப் பின்னால் யாரும் ஒளியலாம், கயிறு போட்டு யாரும் ஏறலாம், அதற்குப் பகடையே வேண்டாம். தூண் இல்லாத வெற்றுக் கூடத்தில், கயிறு அறுந்த பிறகு, மற்றவர்கள் கைவிட்ட இடத்தில்தான் திருடன் தன் நூற்றுக்குப் பத்தை எடுத்து உருட்டுகிறான். அச்சில் ஓர் எழுத்தும் மாறவில்லை. போர்வீரன் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரடியில் நிற்கிறான், கயிறு எத்தனை அடி என்று நடுவர் கேட்கிறார்.